முட்டுக்கட்டைக்கு ஒரு வக்காலத்து

பொட்டி தட்டுற ஆபீஸ்ல தினம் காலைல ஒரு மீட்டிங். வேலை எங்கே நின்னு போச்சோ அதுக்குப் பேரு 'பிளாக்கர்'. (நம்மளைச் சொல்லலீங்க, இது வேற பிளாக்கர் :-) ) தமிழ்ல அதைத்தான் முட்டுக்கட்டைன்னு திட்டுறோம். எனக்கு அதுல ஒரு வருத்தம் உண்டு. ஏன்னு சொல்ல, கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

2012 கோடை. கடலூர் மஞ்சக்குப்பத்துல மாமா வீடு. அவரோட பழைய அம்பாசடர்ல சைலன்சர் தொங்குது. பின்பக்கத்தை ஜாக்கி வச்சுத் தூக்கி, ரெண்டு பக்கமும் ஹாலோ பிளாக் முட்டுக் கொடுத்துட்டு அடியில படுத்தார். ஸ்பேனர் எடுக்க வெளிய வந்தவர் திரும்பறதுக்குள்ள 'டப்'னு ஒரு சத்தம். ஒரு கல்லு பொடிப்பொடி. ஜாக்கி சாய்ஞ்சு வண்டி அப்படியே உக்காந்துடுச்சு. மாமி ஒண்ணுமே பேசலை. உள்ள போய்ச் சாமி விளக்கை ஏத்தினாங்க.

அந்த ஆனியில சிதம்பரம் தேருக்குக் கூட்டிட்டுப் போனார். அங்கே வருஷத்துக்கு ரெண்டு தேரோட்டம்: ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரை. பிள்ளையார், முருகர், நடராஜர், அம்பாள், சண்டிகேஸ்வரர்னு அஞ்சு தேர் நாலு வீதியையும் சுத்தி வரும். எல்லாரும் வடத்தைப் பார்க்க, மாமா பார்த்தது சக்கரத்துக்குப் பக்கத்துல ஓடினவங்களை.

தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் கட்டை கொடுத்தா அந்தப் பக்கம் தயங்கும், தேர் திரும்பும். ரெண்டு பக்கமும் கொடுத்தா நிக்கும். சக்கரம் கட்டை மேல ஏற ஏற, அந்த எடையே கட்டையைத் தரையோட அழுத்திப் பிடிக்கும். கொஞ்சம் தப்பினாலும் போடறவர் காலு போச்சு.

1948க்கு அப்புறம் நின்னுபோன திருவாரூர் ஆழித்தேர் 1970ல மறுபடி ஓடிச்சு. திருச்சி பெல் நிறுவனம் அதுக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செஞ்சு கொடுத்தது. ஆனா அதுக்கப்புறமும் முட்டுக்கட்டை ஓய்வு பெறலை. பிரேக் நிறுத்தும், திருப்பறதுக்குக் கட்டை வேணுமே!

ஊருக்கு வந்ததும் மாமா வேலையை ஆரம்பிச்சார். 2011 டிசம்பர் 30ல 'தானே' புயல் கரை கடந்தப்ப கொல்லையில ஒரு புளியமரம் சாய்ஞ்சிருந்தது. கறிக்கடைக்காரர் வெட்டுக்கட்டையா வச்சிருக்கற அதே மரம். ரெண்டடி நீளம், நாலு இஞ்ச் சதுரத்துல அறுத்தாச்சு. ரெண்டு கட்டை இணையா, அதுக்குக் குறுக்கே ரெண்டு, மறுபடி குறுக்கே ரெண்டு. ஒரு அடி உயரம், ரெண்டடி அகலம். அகலத்தைவிட உயரம் ஏறக் கூடாது. இப்படி ரெண்டு அடுக்கு பின் அச்சுக்கடியில. முன் சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை. இறக்கி உக்கார வச்சு, உலுக்கிப் பார்த்துட்டுத்தான் உள்ள போவார்.

"ஜாக்கி தூக்கறதுக்குடா, தாங்கறதுக்கு இல்ல"ன்னார். ஹாலோ பிளாக் சொல்லாமக் கொள்ளாம நொறுங்கும். மரம் முதல்ல நசுங்கும், கீறும், 'கிர்ர்'னு முனகும். வெளிய வர நேரம் கொடுக்கும்.

அம்பாசடர் தயாரிப்பு 2014ல நின்னுது. மாமாவும் வண்டியை வித்துட்டார். கட்டைகளை மட்டும் தரலை.

நாம திட்டுறதுக்கு எடுத்துக்கிட்ட வார்த்தை, நிஜத்துல ஆளைச் சாகாமக் காப்பாத்தற சாமான். உங்க ஊர்த் தேருக்கு எந்த மரத்துல கட்டை போடறாங்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க, மாமாகிட்ட சொல்லணும்.