சாத்தம் துறையும் ஒரு பூணூலும்

ஆபத்துக் காலத்தில் பகவானைத் துதிப்பது பற்றி நமது இதழில் அவ்வப்போது கட்டுரைகள் வருகின்றன. பிரஹ்லாதன், கஜேந்திரன், திரௌபதி என்று உதாரணம் காட்டுவார்கள். கூப்பிட்ட குரலுக்குப் பகவான் ஓடி வருகிறார். அப்படி வந்ததாக யாரும் எழுதி வைக்காத ஒரு சரித்திரத்தை அடியேன் எழுத நினைக்கிறேன். பி.எஸ்ஸி. படித்து விட்டு அரசாங்கக் கோப்புகளோடு காலம் தள்ளியவன் நான். வேதாந்த விசாரத்துக்கு அருகதை இல்லை. பிழை இருந்தால் பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும்.

என் மனைவி காலமான வருஷம், மனசுக்கு மாறுதலாக இருக்கட்டும் என்று மகன் என்னை அந்தமானுக்கு அழைத்துப் போனான். ஐம்பது வருஷத்துக்கு மேல் விடாமல் செய்து வந்த ஸந்த்யாவந்தனத்தை நான் நிறுத்தி அப்போது எட்டு மாதம். வீட்டில் யாருக்கும் தெரியாது. யாரிடம் கோபம் என்று கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க மாட்டேன்.

போர்ட் பிளேர் துறைமுகத்துக்குள் சாத்தம் என்று ஒரு சிறு தீவு. (2024 முதல் அந்த ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம்.) ஊரோடு ஒரு பாலம் இணைக்கிறது. 1883ல் தொடங்கிய மரம் அறுக்கும் ஆலைதான் அங்கே பிரசித்தம். ஆனால் சரித்திரம் அதற்கும் முந்தியது. 1789ல் லெப்டினன்ட் ஆர்ச்சிபால்ட் பிளேர் ஆங்கிலேயரின் முதல் குடியிருப்பை இங்கேதான் அமைத்தார். பின்னர் அது வடக்கே மாற்றப்பட்டு, நோயால் 1796ல் அடியோடு கைவிடப்பட்டது. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு, 1858 மார்ச் 10ந் தேதி டாக்டர் வாக்கர் 200 கைதிகளோடு வந்து, சாத்தம் தீவில்தான் காட்டை வெட்ட ஆரம்பித்தார். குடிதண்ணீர் போதாமல் ராஸ் தீவுக்கு மாறினார்கள். சுற்றிலும் தண்ணீர், குடிக்க இல்லை. அந்த 200 பேரில் எத்தனை பேர் எந்தத் தெய்வத்தை அழைத்தார்களோ, சாத்தத்துக்கே வெளிச்சம்.

செல்லுலர் சிறை 1896ல் தொடங்கி 1906ல் முடிந்தது. ஏழு சிறகுகள், ஒவ்வொருவருக்கும் தனி அறை. செக்கு இழுத்து ஒரு நாளைக்கு 30 பவுண்டு தேங்காயெண்ணெய் எடுக்க வேண்டும். அலிப்பூர் வழக்கில் விடுதலையான ஸ்ரீ அரவிந்தர், சிறையில் எங்கும் வாசுதேவனைக் கண்டதாக 1909ல் உத்தரபாராவில் பேசியது அன்பர்கள் அறிந்ததே. அதே வழக்கில் அவருடைய தம்பி பாரீந்திரர் அந்தமானுக்குப் போனார். உடன் போன உல்லாஸ்கர் தத்தருக்குச் சித்தம் கலங்கி, நமது சென்னை மனநல விடுதிக்குக் கொண்டு வந்தார்கள். இந்துபூஷண் ராய் 1912ல் அறையிலேயே தூக்கிட்டுக் கொண்டார். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

பிராமணக் கைதி வந்ததும் பூணூலைக் கழற்றி விட வேண்டும் என்பது அந்தச் சிறையின் விதி. அலிப்பூர்க் கைதி உபேந்திரநாத் பானர்ஜி தம் நினைவுகளில் இதை எழுதியிருக்கிறார். ஸீக்கியரின் கேசத்தையோ முஸ்லிமின் தாடியையோ தொடாத நிர்வாகம் பூணூலில் மட்டும் கை வைத்தது. இதற்காக வேண்டி யாரும் கெட்ட எண்ணத்தோடு உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டியதில்லை. யாரோ ஒருவர் எழுதிய குறிப்பு, மற்றவர்கள் பார்த்துப் போட்ட கையெழுத்து. என் ஸர்வீஸில் நானும் அப்படிப் போட்டிருக்கிறேன்.

முதல் உலகப் போர்க் காலத்தில் பர்மா சதி வழக்கில் தண்டனை பெற்று ராமரக்ஷா என்ற பஞ்சாபி பிராமணர் வந்தார். சீனா, ஜப்பான் எல்லாம் சுற்றியவர். கடல் தாண்டினால் பிராயச்சித்தம் கேட்ட காலம் அது. ஆகவே அவரை வைதிகப் பிடிவாதக்காரர் என்று தள்ள முடியாது. பூணூல் போனதும் அவர் சொன்னது ஒன்றே: அது இல்லாமல் ஆகாரம் இல்லை. குழாய் வைத்துப் பலவந்தமாகப் பால் புகட்டினார்கள். மார்பு நோய் கண்டது. உயிர் போயிற்று. அரவிந்தருக்குக் கிடைத்தது போல் ஒரு தரிசனம் அவருக்குக் கிடைத்ததாக யாரும் எழுதவில்லை. ஒன்றும் கிடைக்காமலே, தினம் நின்று துதிக்கும் தகுதியைத் திரும்பக் கேட்டபடியே போனார் என்றுதான் எனக்குப் படுகிறது.

பிற்பாடு இந்தியச் சிறைகள் கமிட்டி, நமது சென்னை ராஜதானி அதிகாரி சர் அலெக்ஸாண்டர் கார்டியூ தலைமையில், நாடு கடத்தலையே நிறுத்தும்படி சிபாரிசு செய்தது. 1932ல் மறுபடியும் அரசியல் கைதிகளை அனுப்பினார்கள். கமிட்டி சிபாரிசுகளின் கதி உத்தியோகஸ்தர்களுக்குப் புதிதல்ல.

சிறைக்கு எதிர்ப் பூங்காவில் ராமரக்ஷாவின் சிலை இருக்கிறது. காலையில் அதைப் பார்த்தேன். என் தோளில் பூணூல் பத்திரமாக இருந்தது. யாரும் கழற்றவில்லை.

சாயங்காலம் சாத்தம் பாலத்தில் நின்றோம். நவம்பர் கடைசி. தீவு சென்னைக்குக் கிழக்கே ஏறக்குறைய பன்னிரண்டரை பாகை தள்ளி இருப்பதால், கடிகாரம் ஒன்றானாலும் சூரியன் ஐம்பது நிமிஷம் முந்தி விடுகிறான். மேற்கே பாதி இறங்கியிருந்தான். நான் செருப்பைக் கழற்றினேன்.

"இன்னும் அஞ்சு மணி கூட ஆகலையே அப்பா, அதுக்குள்ளயா?" என்றான் மகன்.

கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறக்கச் சொன்னேன்.