யார் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள்? - கூக்காலில் ஒரு வீடு தேடல்



நெதர்லாந்தில், ஊட்ரெக்ட் நகரை அடுத்துள்ள ஹௌட்டன் என்னும் சிற்றூரில் குடியேறிய நண்பர் ஒருவர், அங்கே தாம் வாடகை வீடு தேடிய கதையை எங்களுக்கு நீண்டதொரு மின்னஞ்சலாக எழுதியிருந்தார். 1960களில் சில ஆயிரம் பேர் மட்டுமே வாழ்ந்த அச்சிற்றூர், பெருநகரில் வேலை பார்ப்போர் உறங்கி எழுவதற்காகவே திட்டமிட்டு வளர்க்கப்பட்டது. இன்று அங்கே ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் வாழ்கின்றனர். நண்பருக்கு வேலை இருந்தது. கையில் பணமும் இருந்தது. ஆயினும் வீடு கிடைக்கவில்லை. சம்பளச் சீட்டையும் பணி ஒப்பந்தத்தையும் முந்தைய வீட்டுக்காரரின் சான்றையும் கேட்டார்கள். வாடகையைப் போல் மூன்று மடங்கு வருமானம் உண்டா என்று பார்த்தார்கள்.

இவற்றையெல்லாம்விட அவரை வாட்டியது வேறொன்று. அந்நாட்டில் நான்கு மாதங்களுக்கு மேல் தங்குவோர் நகராட்சியில் தம் முகவரியைப் பதிந்தாக வேண்டும். பதிந்தால்தான் குடிமக்கள் சேவை எண் கிடைக்கும். அந்த எண் இல்லாமல் சம்பளம், மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு எதுவும் ஒழுங்காக நடவாது. சில வீட்டுக்காரர்கள் வீட்டைத் தருவார்கள். முகவரியைப் பதிய மட்டும் இசைய மாட்டார்கள். "கூரை கிடைக்கிறது, முகவரி கிடைக்கவில்லை" என்று நண்பர் எழுதியிருந்தார். அந்த ஒரு வரியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

அம்மின்னஞ்சல் வந்த நாள்களில் நாங்களும் ஒரு வீடு தேடிக்கொண்டிருந்தோம். பழனி மலையின் மேற்பகுதியில், கோடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாக மேற்கே செல்லும் சாலையில் கூக்கால் என்னும் சிற்றூர் இருக்கிறது. படிப்படியாக இறங்கும் வயல்கள், அவற்றில் பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும், சற்றுத் தள்ளி ஓர் ஏரி, அதன் கரையைத் தொட்டு நிற்கும் சோலைக்காடு. ஒரு மாத காலம் அங்கே தங்கிப் படிக்கவும் எழுதவும் எண்ணியிருந்தோம். 'வீடு வாடகைக்கு' என்னும் பலகை எங்கும் தென்படவில்லை. தேநீர்க் கடைத் திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்துக் கேட்ட முதற் கேள்வி, "யாரு வீட்டுக்கு வந்திருக்கீங்க?" என்பதே.

ஹௌட்டனில் கேட்ட கேள்வி 'எவ்வளவு சம்பளம்?'. கூக்காலில் கேட்ட கேள்வி 'யார் வீடு?'. இரண்டும் வந்தவனை எடைபோடும் கேள்விகளே. பழனி மலையில் இதற்கு முன்னர் வீடு தேடி வந்தவர்கள் இக்கேள்விக்கு என்ன விடை சொன்னார்கள் என்று பார்ப்பதே எங்கள் நோக்கம்.

முதலில் வந்தவர்கள்

மலைக்கு உரியவர்கள் என்று இன்று நாம் எண்ணும் குன்னுவ வேளாளர்களே சில நூற்றாண்டுகளுக்கு முன்னர்க் கொங்கு நாட்டுச் சமவெளியிலிருந்து மேலேறி வந்தவர்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுப்பும் பிரான்சிசு எழுதி 1906-இல் வெளிவந்த மதுரை மாவட்ட விவரச்சுவடியும் இதனைக் குறிப்பிடுகின்றன. அவர்கள் வருவதற்கு முன்பே பளியரும் புலையரும் இம்மலையில் வாழ்ந்தனர். பின்னர் வந்தோர் நிலத்தைத் திருத்தி வயலாக்கினர். முன்னர் இருந்த புலையரோ அவ்வயல்களிலேயே பண்ணையடிமைகளாக ஆயினர் என்பதும் அவ்விவரச்சுவடியில் பதிவாகியுள்ளது. ஆக, 'முதலில் வந்தவருக்கே வீடு' என்னும் நியதி இம்மலையில் ஒருபோதும் இருந்ததில்லை. நிலம் யார் கையில் உள்ளதோ அவர் கையில்தான் வீடும் இருந்தது. குடியிருப்பு என்பது நிலத்தோடும் உறவோடும் பிணைந்த ஒன்றாக இருந்ததால், வாடகை என்னும் எண்ணத்துக்கே அங்கு இடம் குறைவு. தேநீர்க் கடைப் பெரியவரின் கேள்வி அந்தப் பழைய ஏற்பாட்டின் எச்சம் என்றே எங்களுக்குத் தோன்றியது.

துரைமார்களின் வீடுகள்

1821-இல் லெப்டினென்ட் வார்டு இம்மலைகளை அளந்தார். 1834-இல் மதுரையின் துணை ஆட்சியர் ராட்டன் செண்பகனூரில் ஒரு பங்களா கட்டினார். அதே 1834-இல் மதுரையில் பணியைத் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷனோ காலராவுக்கும் மலேரியாவுக்கும் தன் ஊழியர்களைப் பலிகொடுத்துக்கொண்டிருந்தது. சிறுமலையில் தங்கிப் பார்த்தார்கள்; அங்கும் காய்ச்சல் விடவில்லை. முடிவில் 1845-இல் கோடைக்கானலில் 'சன்னிசைடு', 'ஷெல்டன்' என்னும் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். கோடைக்கானல் என்னும் நகரின் தொடக்கம் அவ்விரு வீடுகளே.

உயிர் பிழைக்க இடம் தேடியவர்கள் அவர்கள் என்பதை நாம் மறுக்கலாகாது. ஆயினும் அவர்களிடம் 'யார் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள்?' என்று கேட்கும் நிலையில் எவரும் இல்லை என்பதையும் மறத்தலாகாது. ஆட்சி அவர்களுக்கு இணக்கமாக இருந்தது, நிலம் கிடைத்தது, வீட்டுக்கு ஒரு பெயர் சூட்டினால் அதுவே முகவரியாயிற்று. 1863-இல் ஆட்சியர் வியர் ஹென்றி லெவிஞ்சு முயன்று ஏரியை உருவாக்கியபின் அதன் சுற்றுப்புறம் பங்களாக்களால் நிறைந்தது. உரிமையாளர் வாராத காலங்களில் அவை பருவத்துக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடப்பட்டன. மலையின் முதல் வாடகை வீடுகள் என்று இவற்றைத்தான் சொல்ல வேண்டும். 1901-இல் மிஷனரிமார் தம் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கியபோது, விடுதியாக இருந்த 'ஹைகிளர்க்' என்னும் கட்டடமே பள்ளியாயிற்று. இன்றைய கோடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி அதன் தொடர்ச்சியாகும்.

இந்த வீடுகளுக்குக் குடிவந்தோர் எப்படி மேலேறினார்கள்? 1916-இல் மலைச்சாலை மோட்டார் வண்டிகளுக்குத் திறக்கப்படும் வரை, பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்து பல்லக்கிலும் நாற்காலியிலும் அவர்களைத் தூக்கிச் சென்றனர். தூக்கியோர் எங்கே உறங்கினர் என்பதை எந்த விவரச்சுவடியும் வீட்டுப் பெயரோடு எழுதி வைக்கவில்லை.

அதே 1901-ஆம் ஆண்டில்தான் நெதர்லாந்து தன் வீட்டுவசதிச் சட்டத்தை இயற்றியது என்பது இங்கே நினைவுகூரத்தக்கது. தொழிலாளர் குடியிருப்புகளின் இழிநிலையைக் கண்டு இயற்றப்பட்ட அச்சட்டம், ஒரு வீடு குடியிருக்கத் தக்கதா என்பதை நகராட்சி கவனிக்க வேண்டும் என்றது. இலாப நோக்கமற்ற வீட்டுவசதிக் கழகங்களுக்கு அரசு பொருளுதவி செய்யவும் அதுவே வழிவகுத்தது. இன்றும் அந்நாட்டு வீடுகளில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் அத்தகைய கழகங்களுடையவை. எங்கள் நண்பர் அவற்றுள் ஒன்றுக்குப் பெயர் பதிந்து காத்திருக்கிறார். காத்திருப்புப் பல ஆண்டுகள் நீளக்கூடும். சட்டம் இருப்பதும் வீடு கிடைப்பதும் வேறு வேறு என்பதற்கு ஐரோப்பாவும் விலக்கன்று.

லயத்திலிருந்து வந்தவர்கள்

இனி, இம்மலைக்கு வீடு தேடி வந்த மூன்றாமவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களைப் பொறுத்தவரை இக்கட்டுரையின் மையமே அவர்கள்தாம்.

இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வாழ்ந்த வரிசை வீட்டுக்கு 'லயம்' என்று பெயர். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. அதற்கு வாடகை இல்லை. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாடகை இல்லாத இடத்தில் குடியுரிமையும் இல்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பேர் விழுந்தால் அறை உண்டு. வேலை போனால் அறையும் போயிற்று. துரையின் வேலையாள் என்பதற்கு அப்பால் அவ்வறையில் வாழ்ந்தோருக்கு எந்த உரிமையும் கிடையாது.

1948-இல் இயற்றப்பட்ட இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிற்று. 1964 அக்டோபர் 30-ஆம் நாள் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலைக்கணக்கில் பங்கிட்டது. இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமைக் கடந்து அவர்கள் வந்தார்கள். கையில் ஒரு கடவுச்சீட்டும் ஒரு குடும்ப அட்டையும் இருந்தன. 'தாயகம் திரும்பியோர்' என்று அரசு அவர்களை அழைத்தது. அவர்களுள் பலர் இந்த மண்ணை அன்றுதான் முதன்முறையாகக் கண்டார்கள்.

நீலகிரியில் அவர்களுக்கென 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. சிலருக்கு நூற்பாலைகளில் வேலை கிடைத்தது. பலருக்குச் சிறுதொழில் கடன் வழங்கப்பட்டது. தோட்ட வேலையன்றி வேறு அறியாதவர் கையில் கடை வைக்கக் கொடுத்த பணம் எத்தனை நாள் நிற்கும்? இவ்வாறு நிலைகுலைந்தவர்களுள் ஒரு பகுதியினர் கோடைக்கானல் மலைக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே புல்வெளிகளில் சீகை மரங்கள் பெருமளவில் நடப்பட்டிருந்தன. தோல் பதனிட அவற்றின் பட்டையும், செயற்கை இழை ஆலைகளுக்கு அவற்றின் மரக்கூழும் தேவைப்பட்டன. பட்டை உரிக்கவும் மரம் வெட்டவும் குளிரும் மலையும் பழகிய உழைப்பாளிகள் வேண்டும். முன்பணம் கொடுத்து அழைத்தார்கள். காட்டுக்குள்ளேயே குடிசை போட்டுக் கொண்டார்கள். முன்பணம் கடனாயிற்று; கடன் தீராத வரை காட்டைவிட்டு வெளியேற இயலாத கொத்தடிமை நிலையாயிற்று. 1976-இல் கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் நாடெங்கும் நடைமுறைக்கு வந்திருந்த காலத்தில்தான் இவ்வாறு நடந்தது.

நண்பர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். லயமும் வாடகையற்றது, மரவெட்டிக் குடிசையும் வாடகையற்றது. கடல் கடந்தும் அவர்கள் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். வேலை கொடுப்பவனே கூரையும் கொடுக்கும் வீடு அது. அந்தக் கூரையை முகவரி என்று சொல்லிக்கொள்ள முடியாது.

கூக்கால் ஊராட்சியைச் சேர்ந்த குண்டுப்பட்டி, இவ்வாறு இலங்கையிலிருந்து வந்து கொத்தடிமைகளாக உழன்ற தலித் மக்கள் குடியமர்ந்த ஊர். வாழ்வில் முதன்முறையாக, எவருடைய வேலையையும் சார்ந்திராத வீடு அவர்களுக்கு அங்கேதான் அமைந்தது. அதற்கும் சோதனை வந்தது. 1998-ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலைப் புறக்கணிக்க அவ்வூரார் முடிவு செய்ததைத் தொடர்ந்து, அவ்வாண்டு பிப்ரவரியில் காவல் துறையினர் ஊருக்குள் புகுந்தனர். மக்கள் தாக்கப்பட்டதையும் வீட்டுப் பொருள்கள் அழிக்கப்பட்டதையும் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 1999-இல் வெளியிட்ட தன் அறிக்கையில் பதிவு செய்துள்ளது. தங்கள் ஊரின் குறைகளுக்குக் கவனம் வேண்டி வாக்குச்சீட்டை மறுத்தவர்களுக்கு நேர்ந்தது இது. முகவரி கிடைத்துவிட்டால் எல்லாம் கிடைத்துவிடும் என்று நாம் முடிவு கட்டிவிட இயலாது என்பதற்காகவே இதனை இங்கே குறிக்கிறோம்.

எங்களுக்குக் கிடைத்த வீடு

எங்கள் தேடலின் முடிவையும் சொல்லிவிடுகிறோம். தேநீர்க் கடைப் பெரியவரே தம் உறவினர் வீட்டின் பின்கட்டில் இரண்டு அறைகளை எங்களுக்குக் காட்டினார். தகர மேற்கூரை, விறகடுப்பு, வாசலில் காயும் பூண்டுக் கற்றைகள். தமிழகத்தில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்கிறது. வீட்டு முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டலாகாது என்கிறது. நெதர்லாந்தின் 2023-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு மாதத்தோடு நிறுத்திக்கொண்டது. நாங்கள் ஒப்பந்தம் பற்றிப் பேச்செடுத்தபோது வீட்டுக்கார அம்மா சிரித்தார்கள். "எங்க பிள்ளைங்க மாதிரி இருக்கீங்க, பேப்பர் எதுக்கு?" என்றார்கள்.

அச்சொல் எங்களை மகிழ்வித்தது. பிறகு உறுத்தவும் செய்தது. எங்கள் பேச்சும் உடையும், நாங்கள் சொன்ன ஊர்ப் பெயர்களும், எங்களுக்கு முன் அங்கே வந்துபோன நண்பர் ஒருவரின் பெயரும் சேர்ந்துதான் எங்களைப் 'பிள்ளைகள் மாதிரி' ஆக்கின. 'யார் வீட்டுக்கு?' என்ற கேள்விக்கு எங்களிடம் ஒரு விடை இருந்தது. இராமேசுவரத்தில் இறங்கியவரிடம் அந்த விடை இல்லை. ஹௌட்டனில் எங்கள் நண்பரிடமும் இல்லை. விடை இல்லாதவருக்குத்தான் பேப்பர் வேண்டும். உறவையும் நம்பிக்கையையும் கொண்டே வீடு தரும் ஊர் இனிமையானதுதான். அந்த இனிமை உள்ளே அழைக்கப்பட்டவருக்கு மட்டுமே உரியது. முன்பின் அறியாதவனுக்கும் ஒரு கூரையை உரிமையாகத் தருவது சட்டமும் ஒப்பந்தமும் ரசீதும்தாம், அவை எவ்வளவு வறண்டவையாகத் தோன்றினாலும்.

ஆகவே வற்புறுத்தி ஒரு தாளில் எழுதினோம்: இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை, இவ்வளவு வாடகை. அம்மா கையெழுத்திட்டுவிட்டு, தாளை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்கள். அன்றிரவே ஹௌட்டன் நண்பருக்குப் பதில் எழுதினோம். கழகத்து வீடு கிடைக்கும் வரை எந்த வீட்டில் இருந்தாலும் வாடகை ரசீதைத் தவறாமல் வாங்கிப் பத்திரப்படுத்துமாறும், முகவரியைப் பதிய இசையாத வீட்டை, அது எவ்வளவு மலிவாயினும், ஏற்க வேண்டாம் என்றும் எழுதியிருந்தோம்.