மர்யமை இறங்க விடாத கதை

கணவனிடம் போக மனைவிக்கு வீசா கிடைக்காவிட்டால், "தலைவிதி" என்று கடிதத்தை மடித்து வைத்துவிடுகிறோம். நூறு வருடத்துக்கு முந்திய கதையொன்று சொல்கிறேன்.

தென்னாபிரிக்காவில் வாழ்ந்த ஹசன் ஈசப், இந்தியாவில் நிக்காஹ் செய்த மனைவி மர்யமை அழைத்தார். அதிகாரிகள் உள்ளே விடவில்லை. வழக்குப் போட்டார். 1913 மார்ச் 14இல் கேப் நீதிமன்ற நீதிபதி சேர்ல் தீர்ப்பளித்தார்: பலதாரத்துக்கு இடமுள்ள மார்க்க முறைத் திருமணத்தை இந்நாட்டுச் சட்டம் ஏற்காது.

ஒரே தீர்ப்பில் முஸ்லிம், இந்து மனைவியர் எல்லோருமே சட்டத்தின் முன் மனைவியர் இல்லை என்றானார்கள். காந்தியின் சத்தியாக்கிரகத்தில் பெண்களே சிறை போனார்கள். பலர் தமிழ்ப் பெண்கள். அவர்களில் 16 வயதுத் தில்லையாடி வள்ளியம்மை, விடுதலையான பின், 1914 பெப்ரவரி 22இல் இறந்தார். அதே வருடம் வந்த இந்தியர் நிவாரணச் சட்டம், ஒரு மனைவியும் அவளுடைய சிறு பிள்ளைகளும் வந்து சேர வழிவிட்டது.

வழக்கு தோற்றது, உரிமை தோற்கவில்லை.

இன்று நம்மட அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி, அரச அதிகாரி அடிப்படை உரிமையை மீறினால், பாதிக்கப்பட்டவர் சட்டத்தரணி இல்லாமல் தானே உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். வெளிநாட்டு மருமகனுக்கு இங்கே அநியாயமாக வீசா மறுக்கப்பட்டாலும் இந்தக் கதவு உண்டு. தவணை ஒரு மாதம்தான். பிறநாட்டுத் தூதரகம் மறுத்தால் அந்நாட்டு மேன்முறையீடுதான் வழி.

ஆகவே, மறுப்புக் கடிதம் வந்தால் அழுவதற்கு முன் அதன் திகதியைப் பாருங்கள்.