மூட்டை மக்கினாலும்...

கராச்சர்மாவில் விடுமுறை வந்தால் மகன் "ஸ்கூபா போகலாம்பா" என்று ஆரம்பிப்பான். எனக்கோ நீச்சலே தகராறு. அதனால் ஒரு கப்பல் கதை சொல்லிச் சமாளிப்பேன்.

1961-இல் இலங்கையின் தென்கிழக்கே, கிரிந்தைக்கு அப்பால் கிரேட் பாசஸ் பாறைகளுக்கருகே, மைக் வில்சனும் இரண்டு அமெரிக்கச் சிறுவர்களும் முங்கினார்கள். ஆழம் குறைவுதான். கிடைத்ததோ வெள்ளி ரூபாய்கள்! ஔரங்கசீப் காலத்துச் சூரத் நாணயங்கள். ஹிஜ்ரி 1113, அதாவது 1701-02. ஆர்தர் சி. கிளார்க் 1964-இல் இதைப் புத்தகமாகவே எழுதினார்.

மூட்டைக்குச் சுமார் ஆயிரம் காசு. துணி மக்கிப்போயும் மூட்டை வடிவிலேயே ஒட்டிக் கிடந்ததாம். பணம் எண்ணியே காலம் தள்ளும் எனக்கு அதுதான் பிரமிப்பு. காசின் கணக்கைக் கடல் காப்பாற்றிவிட்டது. கப்பலின் பெயரையும், அதில் போனவர்களின் பெயரையும்தான் காப்பாற்றவில்லை.