தந்தை கேட்ட இரக்கம்

மாற்கு நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில், சிறு வயது முதல் துன்புறும் மகனை இயேசுவிடம் கொணரும் தந்தையைக் காண்கிறோம். மகனுக்காக மட்டும் அவர் மன்றாடவில்லை; தம்மையும் சேர்த்தே இரக்கம் வேண்டுகிறார். பல ஆண்டுகள் மறையுரை ஆற்றியும் அந்தப் பன்மைச் சொல்லை நாம் கவனித்ததில்லை.

கவனிக்கச் செய்தவர் தாம்பரத்துத் தாய் ஒருவர். மாதந்தோறும் மகனை மின்தொடர் வண்டியில் சேத்துப்பட்டு வரை அழைத்துச் சென்று, கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் மருந்து பெற்று வருபவர். “ஓர் இரவாவது தூங்க வேண்டும், சாமி” என்றார். சொன்னதற்காக உடனே வெட்கப்பட்டார். செபமாலை சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டோம். இன்று வெட்கம் நம்முடையது.

அம்மருத்துவமனையின் வரலாறு 1794-இல் தொடங்குகிறது. வாலன்டைன் கானலி என்னும் ஆங்கிலக் கும்பெனி மருத்துவர் புரசைவாக்கத்தில் நிறுவிய காப்பகம் 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. நோயாளியை ஊரினின்று பிரித்து வைப்பதே அக்காலக் காப்பகங்களின் போக்கு; வீட்டாருக்கு அங்கே இடமில்லை. 1950-களில் அமிர்தசரசில் மருத்துவர் வித்யாசாகர் இதை மாற்றினார். மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அடித்து, உறவினரை நோயாளியுடன் தங்கச் செய்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் குடும்பத்தாரை உடன் தங்கச் செய்தது. நோயைப் புரிந்துகொண்டு பராமரிக்க வீட்டார் கற்றனர்.

ஆனால் வீடு திரும்பியபின் அந்தச் சுமையில் யார் பங்கேற்பது? கீழ்ப்பாக்கத்தின் முதல் பெண் கண்காணிப்பாளராயிருந்த மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் ‘ஸ்கார்ஃப்’ அமைப்பைத் தொடங்கினார். பராமரிப்போரின் சுமையை அளக்க, 40 வினாக்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை அவ்வமைப்பு 1998-இல் வெளியிட்டது. பராமரிப்பவரின் உடல்நலம் என்ன, அன்றாட வாழ்வு என்னாயிற்று, துணைக்கு எவரேனும் உண்டா என்றெல்லாம் அது கேட்கிறது. அந்தத் தாய் சொல்லக் கூசியதை மருத்துவர்கள் தாமே வினவியிருக்கின்றனர்!

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடித் தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் உட்பட 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே விட்டுச்சென்ற குடும்பங்களை அன்று பலரும் ஏசினோம். எத்தனை ஆண்டுகள் விழித்திருந்து ஓய்ந்தவர்களோ என்று எண்ணினோமில்லை.

பெல்ஜியத்தின் கேல் நகரில், புனித திம்ப்னாவின் திருத்தலத்தை நாடி வந்த மனநோயாளரை ஊரார் பல நூற்றாண்டுகளாகத் தம் இல்லங்களில் ஏற்றுவந்தனர். ஓர் ஊரே சுமந்தால் ஒரு தாயின் தோள் ஒடியாதல்லவா?

இப்போது ஞாயிறு பிற்பகலில் பங்கின் அன்பர் இருவர் அந்த மகனோடு கேரம் ஆடுகின்றனர். உள்ளறையில் தாய் உறங்குகிறார்.