ராக்வெல் 2½ டன் அச்சு: பராமரிப்பும் பழுதுநீக்கமும்

ராக்வெல் 2½ டன் அச்சு என்பது அமெரிக்கப் படையின் எம்35 வகைச் சரக்குந்தில் பொருத்தப்பட்ட கனரக இயக்க அச்சு. முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என மூன்று அச்சுகள் கொண்ட அந்த வண்டியில் மூன்றுக்கும் எஞ்சினின் விசை செல்லும். சாலையில்லாத நிலத்தில் ஏற்றக்கூடிய 2½ டன் சுமைதான் பெயருக்குக் காரணம். படை கழித்துவிட்ட வண்டிகளிலிருந்து எடுத்த இந்த அச்சுகள், சேற்றில் ஓட்டவும் பாறை ஏறவும் கட்டப்படும் தனியார் வண்டிகளில் இன்றும் உழைக்கின்றன. சுமையைத் தாங்கும் இந்த அச்சு பெரும்பாலும் தண்ணீராலும் கவனிப்பின்மையாலும்தான் கெடுகிறது. கடும் ஓட்டத்துக்குப் பிந்தைய பராமரிப்பு முழுவதும் இந்த உண்மையைச் சுற்றியே அமைகிறது.

வரலாறு

எம்35 வண்டியை ரியோ மோட்டார் நிறுவனம் வடிவமைத்தது. 1950 வாக்கில் படைக்கு வந்த இந்த வண்டி கொரியப் போர், வியட்நாம் போர் இரண்டிலும் ஓடியது. பிற்காலத்தில் கைசர் ஜீப், ஏ.எம். ஜெனரல் நிறுவனங்களும் இதைக் கட்டின.

அச்சின் வேர் டெட்ராய்ட் நகரில் 1909-இல் தொடங்கிய டிம்கன்-டெட்ராய்ட் ஆக்ஸில் நிறுவனத்தில் இருக்கிறது. 1953-இல் ஏற்பட்ட இணைப்பில் அது ராக்வெல் பெயருக்குள் வந்தது. அந்த அச்சுப் பிரிவு 1997-இல் மெரிட்டர் என்று தனி நிறுவனமானது; 2022-இல் கம்மின்ஸ் அதை வாங்கியது. நிறுவனத்தின் பெயர் இத்தனை முறை மாறியும் அச்சுக்கு ராக்வெல் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

அமைப்பு

பெரும்பாலான லாரிகளில் டிஃபரன்ஷியல் அச்சுக்கூட்டின் முன்முகத்தில் இருக்கும். இதில் மேலே அமர்ந்திருக்கிறது. அதனால் புரொப்பல்லர் ஷாஃப்ட் பாறைக்கும் கட்டைக்கும் எட்டாத உயரத்தில் ஓடுகிறது. வேகக் குறைப்பு இரண்டு கட்டங்களில் நடக்கிறது: முதலில் கூம்புப் பல்சக்கரங்கள், பிறகு சாய்பல் சக்கரங்கள். மொத்த விகிதம் 6.72-க்கு 1, அதாவது புரொப்பல்லர் ஷாஃப்ட் 6.72 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும்.

நடு அச்சின் பினியன் ஷாஃப்ட் கூட்டின் இருபுறமும் நீண்டு, கடைசி அச்சுக்கும் விசையைக் கடத்துகிறது. இரண்டு பின் அச்சுகளுக்கும் இடையே டிஃபரன்ஷியல் கிடையாது. ஆகவே அவற்றின் டயர்கள் ஒரே விட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று தேய்ந்தும் ஒன்று புதிதாகவும் இருந்தால், கெட்டித் தரையில் ஓடும்போது பல்சக்கரங்களும் ஷாஃப்ட்டுகளும் ஓயாமல் முறுக்கேறும்.

வண்டியின் எடையை ஹப்பும் அச்சுக்கூடும் சுமக்கின்றன. ஆக்ஸில் ஷாஃப்ட் திருப்புவிசையை மட்டும் கடத்துகிறது. எனவே பின் அச்சில், விளிம்பைக் கழற்றினால் சக்கரத்தை இறக்காமலே ஷாஃப்டை உருவி எடுக்கலாம்.

சேதம் நேரும் விதம்

நீண்ட தூரம் உழைத்த அச்சுக்கூடு சூடாக இருக்கும். உள்ளே இருக்கும் காற்றும் விரிந்திருக்கும். அந்த நிலையில் வண்டி ஓடையில் இறங்கினால் கூடு சட்டென்று குளிர்ந்து காற்று சுருங்கும். பிரீதர் என்னும் மூச்சுத்துளை சேற்றால் அடைபட்டிருந்தால், அந்தக் காற்றுக் குறைவை ஈடுகட்ட ஆயில் சீலின் ஓரமாகத் தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். பிரீதரிலிருந்து ஒரு குழாயை இணைத்துத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே கொண்டுபோவது, இந்த அச்சுக்குச் செய்யக்கூடிய மிக மலிவான, மிகப் பயனுள்ள மாற்றம்.

அடுத்த எதிரி திடீர் அடி. காற்றில் வெறுமனே சுழன்ற சக்கரம் திடீரென்று பாறையைப் பிடிக்கும்போது, அந்த அடி முழுவதும் ஷாஃப்டில் விழுகிறது. டிஃபரன்ஷியல் பூட்டப்பட்ட அச்சில் ஆபத்து இன்னும் அதிகம். ஒரு சக்கரம் மட்டும் தரையைப் பற்றியிருந்தால் மொத்த விசையும் அந்த ஒரே ஷாஃப்ட் வழியாகப் போகும். எம்35-இன் பழைய டயர் 9.00-20 அளவு. அதைவிடப் பெரிய டயர் போடும்போதும் ஷாஃப்டின் மேல் சுமை கூடுகிறது.

ஓட்டம் முடிந்தவுடன் பார்க்க வேண்டியவை

அமெரிக்கப் படையின் பராமரிப்புக் கையேடுகள் சோதனையை ஓட்டத்துக்கு முன், ஓட்டத்தின்போது, ஓட்டத்துக்குப் பின் என்று பிரிக்கின்றன. அச்சுக்குக் கடைசிப் பகுதிதான் உயிர். வண்டி நின்றவுடன் புறங்கையை ஒவ்வொரு ஹப்பின் அருகிலும் கொண்டுபோய்ச் சூடு பார்க்க வேண்டும். மற்றவற்றைவிட ஒன்று மட்டும் கொதித்தால், அங்கே பேரிங் இறுகியிருக்கிறது அல்லது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிறகு சேற்றைக் கழுவிவிட்டு, எண்ணெய்க் கசிவு, வெடிப்பு, தளர்ந்த யூ-போல்ட், அடைபட்ட பிரீதர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் போகக் கூடாது. உறுதியான தாங்கிகள் கட்டாயம். அச்சு கையால் தூக்கும் எடையில் இல்லை. அதற்கேற்ற ஜாக்கியோ செயின் பிளாக்கோ வேண்டும்.

எண்ணெய்

அடைப்பானைத் திறந்து எண்ணெயைப் பார்ப்பது முதல் வேலை. பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அன்றே வடித்துவிட வேண்டும். சில நாள் விட்டாலும் பேரிங் உருளைகளில் துரு பிடித்துக் குழி விழும். காந்த அடைப்பானில் சாம்பல்நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம். செதில்களோ பல்லின் துண்டோ கிடைத்தால் டிஃபரன்ஷியலைத் திறந்தே ஆக வேண்டும். சூடாக இருக்கும்போதே வடித்தால் கசடும் சேர்ந்து வெளியேறும். ஜிஎல்-5 தரத்திலான 80டபிள்யூ-90 கியர் ஆயிலை, வண்டி சமதரையில் நிற்கும்போது, நிரப்புத்துளையின் கீழ்விளிம்பு வரை ஊற்ற வேண்டும்.

ஹப்பும் பேரிங்கும்

எம்35-இன் இடப்புறச் சக்கர நட்டுகளுக்கு இடமரை. இதை அறியாமல் வழக்கமான பக்கம் திருப்பினால் நட்டு இன்னும் இறுகும். ஸ்டட் முறியவும் கூடும்.

கழற்றிய பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, வெளிச்சத்தில் உருளை உருளையாகப் பார்க்க வேண்டும். நீலம் பாய்ந்திருந்தால் அதிகச் சூடு கண்டது. குழி விழுந்திருந்தால் காலம் முடிந்தது. உள்வளையத்தையும் வெளிவளையத்தையும் சோடியாகவே மாற்ற வேண்டும். காற்றுக் குழாயை வைத்துப் பேரிங்கைச் சுழலவிடுவது ஆபத்து, உருளைகள் தெறித்துவிடும்.

கிரீஸ் ஏற்றக் கையே போதும். உள்ளங்கையில் கிரீஸை வைத்து, பேரிங்கின் அகன்ற ஓரத்தை அதில் அழுத்தி இழுக்க வேண்டும். உருளைகளின் இடுக்கு வழியாக மறுபக்கம் கிரீஸ் புழுப்புழுவாக எட்டிப் பார்க்கும் வரை சுற்றிலும் இப்படிச் செய்தால்தான் உள்ளே நிறைந்ததாகப் பொருள்.

ஹப்பைப் பூட்டும்போது, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு கையேடு சொல்லும் அளவுக்குத் தளர்த்திப் பூட்ட வேண்டும். கனரக வண்டிகளில் டயல் கேஜ் வைத்து அளக்கும் ஹப்பின் ஆட்டம் 0.025 முதல் 0.127 மில்லிமீட்டருக்குள் இருப்பது பொதுவான நெறி. ஆயில் சீலை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும்.

டிரம் திறந்திருக்கும்போதே பிரேக் சிலிண்டரையும் பார்க்க வேண்டும். எம்35ஏ2 வரையிலான வண்டிகளில் பிரேக் சுற்று ஒன்றே; ஒரு சக்கரத்தில் ஒழுகினாலும் மொத்த பிரேக்கும் போகும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது; ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

ஷாஃப்ட், பல்சக்கரம், கூடு

புதிய ஷாஃப்டைப் பூட்டுமுன் அதன் நீளவாக்கில் நேராக ஒரு பெயின்ட் கோடு போட்டுவைப்பது அனுபவசாலிகளின் வழக்கம். கடும் ஓட்டத்துக்குப் பிறகு உருவிப் பார்க்கும்போது கோடு திருகாணி போல வளைந்திருந்தால், உலோகம் மீளாத முறுக்கு கண்டுவிட்டது. முறியும் வரை காத்திருக்காமல் மாற்றிவிட வேண்டும். முறிந்த முகமும் காரணம் சொல்லும். ஒரே அடியில் முறிந்தது முழுவதும் ஒரே தன்மையில் இருக்கும். நாள்பட்ட களைப்பில் முறிந்ததில் கிளிஞ்சலின் மேல் உள்ளது போன்ற அலைக்கோடுகள் தெரியும். முறிந்த ஷாஃப்டை வெல்டிங் செய்து மீண்டும் போடக் கூடாது.

பல்சக்கரங்களைப் பிரித்துச் சேர்த்தால், பற்களில் வண்ணப்பசை தடவிச் சுழற்றி, பதியும் தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். பல்லிடை ஆட்டத்தையும் டயல் கேஜால் அளந்து கையேட்டின் அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

அச்சுக்கூட்டில் வெடிப்பு தெரிந்தால், வண்ண ஊடுருவி தடவி அதன் முழு நீளத்தையும் கண்டறிய வேண்டும். வெல்டிங்குக்கு முன் பேரிங்குகளையும் பல்சக்கரங்களையும் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மின்னோட்டம் அவற்றின் வழியே பாய்ந்து கெடுக்கும். கூடு வளைந்திருந்தால் மாற்றுவதே முறை.

முன் அச்சு

முன் அச்சில் சக்கரம் திரும்பும் இடம் ஓர் உருண்டைக்குள் அடங்கியது. அதை மூடும் ரப்பர் உறை கிழிந்தால் சேறு நேராக ஜாயின்ட்டுக்குள் போகும். அச்சைப் பிரிக்காமலே மாட்டக்கூடிய ஜிப் வைத்த உறைகள் இருப்பதால், கிழிந்ததை அப்படியே விட்டுவைக்கத் தேவையில்லை. கிங் பின் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்பதைச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் அறியலாம்.

மதிப்பீடு

இந்த அச்சின் வலிமை படைக்களத்தில் நிறுவப்பட்டது. ஆனால் எந்த வலிமையும் துருவுக்கு ஈடுகொடுக்காது. ஓடையைக் கடந்த வண்டியின் அச்சு எண்ணெயை அன்று மாலையே பார்ப்பவர், ஒரு வாளி எண்ணெயோடு வேலையை முடித்துக்கொள்வார். அடுத்த பயணம் வரை தள்ளிப்போடுபவர் பேரிங்கையும் பல்சக்கரத்தையும் சேர்த்து வாங்க நேரும்.