ஆணி அடிச்ச பூட்ஸும் வாய் பிளந்த ஷூவும்

"அண்ணே, உங்க ஷூ வாயைப் பொளக்குது."

சில வருஷத்துக்கு முன்னாடி குமார பர்வதத்தில் இறங்கிக்கொண்டு இருந்தபோது பின்னால் வந்த தம்பி இப்படிச் சொன்னான். குக்கே சுப்ரமண்யாவுக்குப் பக்கத்தில், கடல் மட்டத்தில் இருந்து 1712 மீட்டர் உயரத்தில் நிற்கிற மலை. ஏறுவது பெண்டு நிமிர்த்தும், இறங்குவது முட்டியைப் பேர்க்கும். திரும்பிப் பார்த்தால் இடது காலில் சோல் பாதி கழண்டு நாக்கு மாதிரி தொங்குது. அரை மணி நேரத்தில் வலது காலும் அதே கதி. இத்தனைக்கும் அது என் தகுதிக்கு மீறி விலை கொடுத்து வாங்கின மலையேற்ற ஷூ. ரெண்டே ரெண்டு தடவை போட்டுவிட்டு, கல்யாணப் பட்டுப்புடவை மாதிரி டப்பாவோடு பரண் மேல் ஆறு வருஷம் பத்திரமாக வைத்திருந்தேன்.

தம்பி தன் பையில் இருந்த கயிற்றை எடுத்து, ரெண்டு சோலையும் பொட்டலம் கட்டுகிற மாதிரி கட்டிவிட்டான். அவனும் நொண்டிக்கொண்டுதான் வந்தான். அவன் ஏன் நொண்டினான் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதுதான் இந்தப் பதிவை எழுதவே காரணம்.

வீட்டுக்கு வந்ததும், "புது ஷூ எப்படிங்க பிய்யும்?" என்று தோண்ட ஆரம்பித்தேன். அது என்னை 5300 வருஷம் பின்னாடி கொண்டு போய் விட்டது.

கரடித் தோலும் காய்ந்த புல்லும்

1991 செப்டம்பரில் ஆல்ப்ஸ் மலையில், இத்தாலி-ஆஸ்திரியா எல்லையை ஒட்டி, பனியில் ஒரு பிணம் கிடைத்தது. யாரோ வழி தவறிய மலையேறி என்று நினைத்து எடுத்துப் பார்த்தால், ஆள் சுமார் 5300 வருஷத்துக்கு முந்தையவர்! ஓட்ஸி என்று பேர் வைத்து, இப்போது இத்தாலியின் போல்சானோ நகர அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

அவர் காலில் இருந்ததை ஒரு முழு ஷூ என்றே சொல்ல வேண்டும். அடியில் கரடித் தோல், மேலே மான் தோல், உள்ளே மரப்பட்டை நாரில் பின்னின வலை. வலைக்கும் தோலுக்கும் நடுவில் குளிர் தாங்கக் காய்ந்த புல் அடைப்பு. கடினமான அடி, வளைந்து கொடுக்கும் மேல்பாகம், நடுவில் வெப்பம் காக்கும் அடுக்கு. இன்றைக்குக் கடையில் அடுக்கி வைத்திருக்கிற பூட்ஸ் எல்லாம் இதே மூணு விஷயத்தைத்தான் வேறு வேறு பொருளில் செய்கின்றன.

ஆணியின் காலம்

ஐரோப்பாவில் மலையேற்றம் ஒரு பொழுதுபோக்காக மாறின 19-ஆம் நூற்றாண்டில், கனமான தோல் பூட்ஸின் அடியில் இரும்பு ஆணி அடிப்பதுதான் வழக்கம். நம்ம ஊர் மாட்டுக்கு லாடம் அடிக்கிற கதைதான். ஈரப் புல், சேறு, இறுகின பனி எல்லாவற்றிலும் ஆணி கடித்துப் பிடிக்கும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெனீவாவைச் சேர்ந்த பெலிக்ஸ் ஜெனகாண்ட் என்கிற நகைத் தொழிலாளி, ரம்பப் பல் மாதிரியான கடின எஃகு ஆணியைக் கண்டுபிடித்தார். அவருடைய பட்டப்பேரான 'ட்ரிகூனி' அந்த ஆணிக்கும் பேராகிவிட்டது. நகை செய்கிற கை, மலைக்கு ஆணி செய்தது!

ஆணியில் ஒரு பெரிய வசதி, தேய்ந்தால் பிடுங்கிவிட்டு வேறு அடித்துக்கொள்ளலாம். ஊரில் செருப்பு தைக்கிறவர் போதும். சிக்கல் மூணு. ஒண்ணு, எடை. ரெண்டு, காய்ந்த வழவழப்பான பாறையில் ஆணி வழுக்கும். மூணாவதுதான் ஆபத்தானது. இரும்பு, காலில் இருக்கிற சூட்டை உறிஞ்சிப் பனிக்குள் கடத்திவிடும். வெறும் சில்வர் டம்ளரில் சூடாகக் காபி ஊற்றிப் பிடித்துப் பாருங்கள், விஷயம் புரியும்.

1924-ல் எவரெஸ்டில் மறைந்துபோன ஜார்ஜ் மல்லோரியின் உடல் 1999 மே மாதம் கிடைத்தபோது, காலில் ஆணி அடித்த தோல் பூட் அப்படியே இருந்தது. அவரோடு போன ஆண்ட்ரூ இர்வினின் பூட் 2024-ல் பனியாற்றில் கிடைத்தது. உள்ளே பாதமும், பேர் தைத்த காலுறையும். நூறு வருஷம் கழித்தும் பூட் உழைத்திருக்கிறது. போட்டிருந்தவர்தான் திரும்பவில்லை.

ஆறு பேரும் ஒரு ரப்பர் துண்டும்

கதையின் திருப்புமுனை 1935 செப்டம்பர். மிலான் நகரத்தைச் சேர்ந்த விதாலே பிராமானி என்கிற மலையேறி, ஒரு குழுவோடு இத்தாலி-சுவிஸ் எல்லையில் புண்டா ராசிகா என்கிற சிகரத்துக்குப் போனார். அந்தக் காலத்தில் ஒரு நடைமுறை இருந்தது. பாறை ஆரம்பிக்கும் இடம் வரை ஆணி பூட்ஸில் நடப்பார்கள். அங்கே அதைக் கழற்றி வைத்துவிட்டு, மெல்லிசான லேசான ஷூவை மாட்டிக்கொண்டு பாறை ஏறுவார்கள். திரும்பி வந்து பூட்ஸை எடுத்துக்கொள்வார்கள்.

அன்றைக்குப் பூட்ஸ் கீழே இருந்தது, ஆட்கள் மேலே இருந்தார்கள், நடுவில் பனிப்புயல் வந்துவிட்டது. பாறை முழுக்க உறைந்துபோனது. லேசான ஷூவில் பிடிப்பும் இல்லை, சூடும் இல்லை. இறங்க முடியாமல் 6 பேர் செத்துப்போனார்கள்.

உயிர் தப்பின பிராமானியின் மனசை ஒரே கேள்வி அரித்திருக்கிறது: பாறைக்கும் பனிக்கும் சேர்த்து ஏன் ஒரே ஷூ இருக்கக் கூடாது? டயர் செய்கிற பிரெல்லி கம்பெனியின் உதவியோடு, ஆழமாகப் பல் வெட்டின ரப்பர் சோல் ஒன்றை உருவாக்கி 1937-ல் காப்புரிமை வாங்கினார். அந்த வடிவத்துக்குப் பேர் 'கர்ரார்மாட்டோ', அதாவது பீரங்கி வண்டி. கம்பெனிக்குத் தன் பேரிலிருந்தே வி-யும் பிராமும் எடுத்து 'விப்ரம்' என்று வைத்தார். உங்கள் ஷூவைத் திருப்பிப் பாருங்கள். அடியில் மஞ்சள் நிறத்தில் எண்கோணச் சின்னம் இருந்தால், அது அந்த ஆறு பேர் சாவில் பிறந்த ரப்பர்.

விரல்கள்

சோல் பிரச்சினை தீர்ந்தாலும் குளிர் பிரச்சினை தீரவில்லை. 1950-ல் அன்னபூர்ணா உச்சியைத் தொட்ட மொரீஸ் எர்சாக், லூயி லஷெனல் ரெண்டு பேருமே பனிக்கடியில் கால்விரல்களை இழந்தார்கள். 1953 எவரெஸ்ட் குழுவுக்கு பிரிட்டனில் காலணி ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றே உட்கார்ந்து தனி பூட்ஸ் வடிவமைத்தது. வெளித்தோலுக்கும் உள்துணிக்கும் நடுவில் சுமார் ஒரு அங்குலம் வைத்து அடைத்தது எதை என்று நினைக்கிறீர்கள்? இலவம்பஞ்சு! நம்ம தலையணைக்குள் இருக்கிற அதே சாமான் :-)

அதையும் மீறி, உச்சிக்குக் கிளம்பும் நாள் காலையில் எட்மண்ட் ஹிலரி எழுந்து பார்த்தால், ராத்திரி கழற்றி வைத்த பூட்ஸ் கல்லாக உறைந்திருந்தது. அடுப்பில் காட்டி இளக்கி எடுக்கச் சுமார் ரெண்டு மணி நேரம் ஆனது. டென்சிங் ராத்திரி பூட்ஸைக் கழற்றவே இல்லை. மலைக்காரருக்கு மலை தெரியும்.

அடுத்த வருஷம், 1954 ஜூலை 31-ல், இத்தாலியர்கள் கே-2 உச்சியை முதல்முதலாகத் தொட்டார்கள். காலில் விப்ரம் சோல் போட்ட பூட்ஸ். பிராமானியின் ரப்பருக்கு இதைவிட விளம்பரம் வேண்டுமா? பாடப்புத்தகக் கதை இங்கே கைதட்டலோடு முடிந்துவிடும். எனக்கு அதற்கு முந்தின ராத்திரிதான் தூக்கத்தைக் கெடுத்தது.

உச்சிக்குப் போன லாச்செதெல்லிக்கும் கொம்பாஞ்ஞோனிக்கும் ஆக்சிஜன் சிலிண்டர்களைச் சுமந்து போனது ரெண்டு பேர். ஒருத்தர் 24 வயசு வால்டர் பொனாட்டி. இன்னொருத்தர் ஹுன்ஸா பகுதியைச் சேர்ந்த சுமைதூக்கி அமீர் மஹ்தி. இந்த மஹ்தி, அதற்கு முந்தின வருஷம் நங்கா பர்வதத்தில் பனிக்கடி பட்டு வந்த ஹெர்மன் பூலைத் தூக்கி இறக்கினவர்களில் ஒருவர். ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்தபோது, கூடாரம் பேசி வைத்த இடத்தில் இல்லை. இருட்டிவிட்டது. சுமார் 8100 மீட்டர் உயரத்தில், கூடாரமும் இல்லாமல் படுக்கைப் பையும் இல்லாமல், பனியில் ஒரு குழி வெட்டி விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள்.

பொனாட்டிக்குக் காலில் பெரிய சேதம் இல்லை. மஹ்தியின் கால்விரல்கள் அத்தனையும் போயின. காரணம் என்ன தெரியுமா? இத்தாலியர்களுக்குக் கொடுத்த உயர்மலை பூட்ஸ் அவருக்குக் கொடுக்கப்படவில்லை. அவர் போட்டிருந்தது சாதாரண ராணுவ பூட்ஸ். அதுவும் அவர் அளவைவிட ரெண்டு சைஸ் சின்னது என்று பிற்பாடு வெளியான செய்திகள் சொல்கின்றன. இறுக்கமான பூட்ஸில் விரலுக்கு ரத்தம் போகாது, ரத்தம் போகாத விரல்தான் முதலில் உறையும். பல மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவருடைய மலை வாழ்க்கை அதோடு முடிந்தது. பொனாட்டி சொன்னதுதான் சரி என்று இத்தாலிய மலையேற்றக் கழகம் ஏற்றுக்கொள்ள ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆனது. மஹ்தி 1999-லேயே காலமாகிவிட்டார்.

பஞ்சுமெத்தைக் காலம்

அப்புறம் வந்தது பிளாஸ்டிக். 1970, 80-களில் உயர்மலைக்குப் பிளாஸ்டிக் பூட்ஸ் வந்தது. 1969-ல் பாப் கோர் கண்டுபிடித்த பொருள் கோர்-டெக்ஸாக மாறி, தண்ணீரை உள்ளே விடாமல் வியர்வை ஆவியை மட்டும் வெளியே விட்டது. ஓடுகிற ஷூவில் இருந்த நுரை மெத்தை மலை ஷூவுக்கும் ஏறியது. எடை பாதியானது. காலில் கூடுகிற ஒரு கிலோ முதுகில் கூடுகிற ஐந்து கிலோவுக்குச் சமம் என்று நடப்பவர்கள் மத்தியில் ஒரு கணக்கு உண்டு. சோதனைக்கூடங்களில் அளந்து பார்த்ததும் கிட்டத்தட்ட அதையே சொல்கிறது.

இதை எல்லாருக்கும் முன்னாடியே நடந்து காட்டினவர் அமெரிக்காவின் எம்மா கேட்வுட் பாட்டி. 1955-ல், 67 வயசில், 3000 கிலோமீட்டருக்கு மேல் நீளமான அப்பலாச்சியன் பாதையை ஒற்றை ஆளாக நடந்து முடித்தார். காலில் சாதாரண கேன்வாஸ் ஷூ! ஒற்றையடிப் பாதை நடைக்கு பீரங்கி வண்டி அவசியமில்லை என்பதற்குப் பாட்டியே சாட்சி.

என் ஷூவைக் கொன்றதும் அந்த நுரைதான். பாலியூரித்தேன் நுரை காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சி, உள்ளுக்குள்ளேயே மெல்ல மெல்ல உடையும். போட்டாலும் உடையும், போடாமல் வைத்தாலும் உடையும். காற்றுப் புகாத டப்பா, புழுக்கமான பரண் என்றால் இன்னும் சீக்கிரம். ஆக, நான் பத்திரப்படுத்தவில்லை, புழுங்க வைத்துக் கொன்றிருக்கிறேன்.

சரி, வாங்கும்போது என்ன பார்க்கலாம்?

- சாயங்காலம் போங்கள். நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். மலையிலும் அப்படித்தான் வீங்கும்.
- மலையில் போடப்போகிற காலுறையோடு போட்டுப் பாருங்கள். பருத்திக் காலுறை ஈரத்தைப் பிடித்து வைத்துக் கொப்புளம் போடும். கம்பளியோ செயற்கை இழையோ நல்லது.
- லேஸ் கட்டாமல் காலை முன்னால் தள்ளினால், குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். கட்டின பிறகு குதிகால் தூக்கக் கூடாது.
- கடையில் சாய்வுப் பலகை இருந்தால் இறங்கிப் பாருங்கள். இல்லாவிட்டால் மாடிப்படி. விரல் நுனி முன்னால் போய் இடித்தால், அந்த ஷூ வேண்டாம்.
- நல்ல பாதை, லேசான பை என்றால் லேசான ஷூ போதும். கல்லும் கரடும், முதுகில் பாரமும் என்றால் எளிதில் முறுக்க முடியாத அடியும் கணுக்கால் உயரமும் உதவும்.
- தண்ணீர் புகாத ஷூ, கொட்டுகிற மழையில் மேல் வழியாக நிரம்பினால் காய நாளாகும். மழைக்கால மேற்குத் தொடர்ச்சி மலைக்குச் சீக்கிரம் காய்கிற வலைத்துணி ஷூவே மேல்.
- நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்றால் சோல் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். வாங்கினால் போட்டு நடங்கள். பழைய ஷூ என்றால் கிளம்பும் முன் நுரையை அழுத்திப் பாருங்கள். வெடிப்போ, பொடி உதிர்வதோ தெரிந்தால் மலைக்குக் கொண்டு போகாதீர்கள்.

இப்போது தம்பி விஷயம். அவனிடம் மலை ஷூ இல்லை. "என்கிட்ட இன்னொண்ணு இருக்குடா, போட்டுக்கோ" என்று என் பழைய ஜோடியைக் கொடுத்தேன். "ஒரு சைஸ் சின்னதா இருக்கும் போலண்ணே" என்றான். "அட, நடக்க நடக்க விட்டுக்கும்" என்றேன். விட்டுக்கவில்லை. இறக்கம் முழுக்க விரல் முன்னால் இடித்து இடித்து, ரெண்டு கட்டைவிரல் நகமும் கறுத்து, கொஞ்ச நாளில் கழண்டு விழுந்தன. அந்த வலியோடுதான் அவன் குனிந்து என் சோலைக் கட்டிவிட்டான். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கே-2வையும் குமார பர்வதத்தையும் ஒப்பிடுகிற அளவுக்கு எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. ஆனால் மஹ்தியின் பூட்ஸைப் பற்றிப் படித்த அன்றைக்கு ராத்திரி தம்பிக்கு போன் போட்டேன். "என்னண்ணே இந்நேரத்துல?" என்றான். "உன் கால் சைஸ் என்னடா?" என்று கேட்டேன்.

ஒன்பது. எனக்கு எட்டு.

டிஸ்கி: அடுத்த மலைக்கு அவனுக்குப் புது ஷூ என் செலவு. அவனையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்த்தான் வாங்கப்போகிறேன், சாயங்காலமாக :-)